இழுங்க, பிடிங்க, விடலாம்

சத்தியமாகச் சொல்கிறேன், ஆஸ்பத்திரி இருட்டறையில் முப்பத்தொரு வருஷம் நான் கழுவிய அத்தனை பிலிம் மேலும் சத்தியம், என் இரண்டு கண் மேலும் சத்தியம், அதில் ஒன்று இப்போது சரியாகத் தெரிவதில்லை என்பதால் கூடுதலாக மூக்குக்கண்ணாடி மேலும் சத்தியம், இதில் ஒரு சொல் பொய் கிடையாது. இதற்கு முன்னால் நான் சொன்ன விரால் மீன் கதை, அரசாங்க ஜீப்பை ஆடு தின்ற கதை, அதெல்லாம் வேறே. அதில் கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும். இதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வாயால் சொல்லாமல் எழுதித் தருகிறேன் பாருங்கள், அதற்கும் காரணம் இருக்கிறது.

நாலுசங்குபட்டி என்று ஒரு ஊர். மில் சங்கு நாளைக்கு நாலு தடவை ஊதுவதால் வந்த பெயர். ஊரில் பாதிப் பேர் அந்த மில்லின் ப்ளோ ரூமில் நின்றவர்கள். பஞ்சுப் பொதியைப் பிரித்து உதறுகிற அறை அது. உள்ளே போனால் எதிரில் நிற்பவன் அண்ணனா தம்பியா தெரியாது, தூசி அப்படிப் பறக்கும். அங்கே பத்து வருஷம் நின்றவன் இருமுவான், பதினைந்து வருஷம் நின்றவன் எங்கள் நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு வருவான், இருபது வருஷம் நின்றவனை நான் பார்த்ததில்லை. வருகிறவனை எல்லாம் எக்ஸ்ரே எடுத்தது நான். எனக்கு உதவிக்கு இருந்தவன் சவரிராயன்.

எங்கள் வேலை எப்படி என்றால், சவரிராயன் நோயாளியோடு நிற்பான். சட்டையைக் கழற்றி, நெஞ்சைத் தகட்டில் ஒட்டி, தோளை முன்னால் தள்ளி, "மூச்சை இழுங்கபிடிங்க" என்பான், இரண்டு சொல்லும் ஒரே சொல்லாக. ஈயப் பலகைக்குப் பின்னால் நிற்கிற நான் பொத்தானை அமுக்குவேன். அமுக்கிவிட்டு, "விடலாம்" என்பேன். முப்பத்தொரு வருஷம் இப்படியே போனது. இழுங்கபிடிங்க என் வாயில் வந்ததில்லை, விடலாம் அவன் வாயில் வந்ததில்லை. ஒரு ஆபீசில் ஒருவன் எழுத ஒருவன் முத்திரை குத்துவது மாதிரி, அவனவன் பங்கு அவனவனுக்கு.

இருவரும் ஒரே மாசம் ரிட்டையர் ஆனோம். நான் வீட்டில் உட்கார்ந்து பொய் சொல்லிப் பொழுதைக் கழித்தேன். சவரிராயன் மிஷன் பள்ளிக்கூடத்தில் சும்மா கிடந்த ஒரு பெரிய மரக் கேமராவை வாங்கி வந்து பஜாரில் ஸ்டூடியோ போட்டான். ஆட்டுக்குட்டியை உள்ளே கட்டலாம், அத்தனை பெரிசு. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் கண்ணாடியில் ஆள் தலைகீழாகத் தெரிவான். அதற்கான பிலிமை விற்கிறவன் மதுரையிலும் இல்லை, மெட்ராஸிலும் இல்லை. ஆனால் கேமரா கேட்ட அளவு பத்துக்குப் பன்னிரண்டு இஞ்சு. எங்கள் எக்ஸ்ரே பிலிமும் பத்துக்குப் பன்னிரண்டு. தேதி முடிந்ததென்று ஆஸ்பத்திரியில் எரிக்க வைத்திருந்த பெட்டிகளை நான்தான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் அவனிடம் கொடுத்தேன். ஊர் இன்றுவரை என்னைத் தேடுவதற்கு ஆரம்பம் அந்த சைக்கிள்தான்.

எக்ஸ்ரே பிலிமுக்கு இரண்டு பக்கமும் மருந்து பூசியிருக்கும், நகம் பட்டால் கீறிவிடும். சவரிராயன் அதற்காக வாரம் இரண்டு தடவை நகம் வெட்டினான். அந்தப் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால் சிவப்பு விளக்கில் வைத்துத் தைரியமாகக் கழுவலாம், ஆனால் படத்தில் குங்குமம் கரியாக வரும், வெற்றிலை போட்ட வாய் தார் குடித்த வாயாக வரும். முதலில் சண்டைக்கு வந்தார்கள். அப்புறம், போட்டோ எடுக்கப் போனால் சந்தனப் பொட்டு என்று ஊரே பழகிக்கொண்டது. இன்னொரு தொல்லை, அது மந்தமான பிலிம். நாலு எண்ணுகிறவரை ஆள் ஆடக்கூடாது.

அங்கேதான் இருளப்பன் வந்தான். ப்ளோ ரூமில் பதினாறு வருஷம். தான் போவதற்கு முன்னால் சுவரில் மாட்டப் பெரிசாக ஒரு படம் வேண்டும் என்று வந்து உட்கார்ந்தான். ஆனால் இருமல் அவனை நாலு எண்ண விடவில்லை. மூன்று பிலிம் வீணாய்ப் போனது. நாலாவது தடவை சவரிராயனுக்குப் பொறுமை போய், பழைய பழக்கத்தில், "மூச்சை இழுங்கபிடிங்க!" என்று ஒரு அதட்டு அதட்டினான். இருளப்பன் இழுத்தான், பிடித்தான். படம் கல்லில் செதுக்கியது மாதிரி வந்தது. ஈயப் பலகைக்குப் பின்னால்தான் யாரும் இல்லை. அதனால் இருளப்பன் மூச்சை விடவில்லை.

அன்று தை பத்து. இருளப்பன் மூச்சைப் பிடித்தபடியே வீட்டுக்குப் போனான், பிடித்தபடியே கஞ்சி குடித்தான், பிடித்தபடியே மறுநாள் முதல் சங்குக்கு வேலைக்குப் போனான். மூச்சு போகாத இடத்துக்குத் தூசி எப்படிப் போகும்? இருமல் நின்றது. மூச்சில்லாமல் சத்தம் வராது என்பதால் பேச்சும் நின்றது. அவன் பெண்டாட்டி பக்கத்து வீட்டில் சொன்னாளாம், "இருமலும் இல்ல, ஏச்சும் இல்ல மதினி. இத்தன வருசத்துல இப்பத்தான் குடித்தனம் பண்ணுதேன்."

அவ்வளவுதான். மறுவாரம் ஸ்டூடியோ வாசலில் வரிசை நின்றது. ஊர் எதையும் அதிசயப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை, அடுத்த வேலையைப் பார்த்தது. ஆளுக்கொரு சிலேட்டு வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சிலேட்டு கிடைக்காமல் போனது. எழுதத் தெரியாதவர்கள் கைதட்டிக் கூப்பிட்டார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை பாத்திரத்தில் நடந்தது. அடுக்களைச் சத்தத்தை வைத்தே ஈயமா பித்தளையா, கோபம் எத்தனை என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். குழம்பு அடிப்பிடித்தாலும் மூக்குக்குத் தெரியாது, அதனால் யாரும் குறை சொல்லவில்லை. நாதஸ்வரக்காரர் யோசிக்காமல் போய் மூச்சைப் பிடித்துவிட்டு வந்து, கல்யாணத்துக்கெல்லாம் தவில் மட்டும் அடித்தது. யூனியன்காரர்கள் மில் வாசலில் கையை உயர்த்தி வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். மேனேஜர் ஜன்னலில் நின்று காபி குடித்தபடி பார்த்தார். பார்த்துவிட்டு, சித்திரை முதல் தேதி மொத்த மில்லுக்கும் குரூப் போட்டோ என்று நோட்டீஸ் ஒட்டினார்.

அதற்கு முன்னால், மாசி ஐந்தாம் தேதி, சுடலைவடிவு வந்தாள். ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கிற பெண், கொம்பையாவின் பெண்டாட்டி, ஏழு மாசம். எங்கள் பக்கம் வளைகாப்புப் போட்ட கையோடு, பூச்சடை கலையுமுன் போட்டோ எடுத்துவிட வேண்டும். மாமியார் பிச்சம்மாள்தான் கூட்டி வந்தாள்.

"சவரியண்ணே, பிள்ள இருமி இருமி வயித்துல இருக்கது குலுங்குது. அந்த மூச்சுப் படமே எடுத்துருங்க."

"பிரசவத்துக்கு மூச்சு வேணும்லா மதினி?"

"ரெண்டு மாசம் கழிச்சு எக்ஸ்ரே சார விட்டு விடச் சொல்லிக்கிட்டாப் போச்சு. பொட்டு மட்டும் கரியா வந்துச்சு, உங்களச் சும்மா விட மாட்டேன்."

சவரிராயன் சொன்னான். சுடலைவடிவு இழுத்தாள், பிடித்தாள். சிவப்பு வளையலெல்லாம் படத்தில் கறுப்பாக வந்தது, பச்சை வளையல் வெளுத்து வந்தது.

சித்திரை முதல் தேதி மில் மைதானத்தில் நூற்று அறுபத்து மூன்று பேர். மேனேஜர், "நீயும் வந்து உட்காருய்யா, நீயும் நம்ம ஆள்தான்" என்று சவரிராயனைக் கையைப் பிடித்து இழுத்தார். நீளமான ரப்பர் குழாயில், அமுக்கினால் கேமரா திறக்கிற காற்றுப்பந்து கட்டி, அதைக் கையில் எடுத்துக்கொண்டு முன்வரிசை ஓரத்தில் அவனும் போய் உட்கார்ந்து, பெருங்குரலில், "எல்லாரும் மூச்சை இழுங்கபிடிங்க!" என்று சொல்லிப் பந்தை அமுக்கினான். யாரைப் பார்த்துச் சொன்னானோ அவரைத்தான் அந்தச் சொல் பிடிக்கும், 'எல்லாரும்' என்றதில் அவனும் சேர்த்தி. சொன்னவனே கேட்டான். கேட்டவன் பிடித்துவிட்டான். அன்றோடு இழுங்கபிடிங்க சொல்வதற்கு ஊரில் வாய் இல்லாமல் போனது.

வைகாசி பத்தாம் தேதி இருளப்பன் என் வீட்டுக்கு வந்து சிலேட்டை நீட்டினான். மகளுக்குக் கல்யாணம், வாயைத் திறந்து வாங்க என்று சொல்ல வேண்டும், விடச் சொல்லுங்க சார், என்று எழுதியிருந்தது. எனக்கென்ன, முப்பத்தொரு வருஷம் சொன்ன சொல். "விடலாம்" என்றேன். விட்டான். விட்டான் என்றால் விட்டுக்கொண்டே இருந்தான். உள்ளே இழுக்கவே இல்லை. கல்யாணத்தில் வாங்க வாங்க என்றான், கல்யாணம் முடிந்தும் பேசினான், தூக்கத்தில் பேசினான், பதினாறு வருஷமாக மில்லில் விழுங்கி வைத்திருந்ததை எல்லாம் தெருத்தெருவாகச் சொன்னான். புரட்டாசி பத்தாம் தேதி டீக்கடையில், "அந்த மேனேஜர் இருக்காம்லா, அவன் ஒரு..." என்றவன் அங்கேயே முடிந்துவிட்டான். எண்ணிப் பார்த்தால் தை பத்திலிருந்து வைகாசி பத்து நாலு மாசம், வைகாசி பத்திலிருந்து புரட்டாசி பத்து நாலு மாசம். எத்தனை நாள் பிடித்தானோ அத்தனை நாள் விட்டான். அதற்கு மேல் ஒரு மூச்சு கூட இல்லை.

ஊருக்குக் கணக்குப் புரிந்தது. நூற்று அறுபது சொச்சம் பேரும் என்னைக் கண்டால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டார்கள், பஞ்சுக்கா பஞ்சம். நான் தெருவில் போனால் கதவு சாத்துகிற சத்தம் எனக்கு முன்னால் ஓடும். ஆனால் சுடலைவடிவுக்கு, வலி எடுக்கட்டும் என்று பார்த்து, அப்புறம் இருளப்பன் உள்ளே இழுக்காததைக் கண்டு பயந்து, நாள் வந்து, நாள் தாண்டி, பத்து மாசம் பன்னிரண்டாகி, பதினைந்தாகி நின்றது. மூச்சில்லாமல் முக்க முடியாது, முக்காமல் பிள்ளை வராது. கொம்பையா தினமும் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்வான், எழுந்து போவான். பிச்சம்மாள் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"கிடக்கட்டும் சார். இன்னும் நாலு வருசம் கிடந்தா நாலு வருசம் இருப்பாள்லா? அவசரப்பட்டு வாயத் தொறந்துறாதீங்க."

மார்கழி ஐந்தாம் தேதி காலை சுடலைவடிவே வந்தாள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு, தனியாக. சிலேட்டில் பெரிய எழுத்தில் மூன்றே சொல்: மூணுநாளா பிள்ள ஒதைக்கல.

"யம்மா, கணக்கு தெரியும்லா? மாசியிலருந்து பத்து மாசம். பத்து மாசம்தான் உனக்கு."

தெரியும் என்று தலையாட்டினாள். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, கொம்பையாவைக் கூப்பிட்டு, தெருவுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளத் தண்டோரா போட்டு, அப்புறம் சொன்னேன்.

பிள்ளை அரை மணியில் வந்தது. பெண். வயிற்றில் இருந்ததற்கு இழுத்த மூச்சு என்று ஒன்று கிடையாதே, அதனால் அது எல்லாப் பிள்ளையும் போலத் தானாக இழுத்து, தானாக விட்டு, ஊர் முழுக்கப் பஞ்சடைத்திருந்த வேளையில் அழுத அழுகையை நாங்கள் நாலு பேர்தான் கேட்டோம். காத்தாயி என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பத்து மாசம் சுடலைவடிவின் மூச்சு வெளியே போய்க்கொண்டே இருந்தது. பேசினால் பேச்சாகப் போனது, பாடினால் பாட்டாகப் போனது, சும்மா இருந்தால் காற்றாகப் போனது. அவள் எதிரில் விளக்கு நிற்காது. முறத்தில் நெல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பதர் தானாகப் பறந்துவிடும், அதனால் தெருவில் எல்லோரும் நெல்லைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்கள். மடியில் கிடந்த பிள்ளையின் முடி எப்போதும் ஒரு பக்கமாகவே பறந்துகொண்டிருக்கும். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள், ருது ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதுவரை, ஆறுமாசப் பிள்ளையிடம்.

வழி ஒன்று இருந்தது. இழுங்க என்று சவரிராயன் சொன்னால் அவள் இழுப்பாள். சவரிராயன் சொல்ல வேண்டும் என்றால் முதலில் நான் அவனை விடச் சொல்ல வேண்டும். விட்டால் அவனுக்கும் கணக்கு ஓட ஆரம்பிக்கும். நான் தினமும் ஸ்டூடியோவுக்குப் போனேன். அவன் காதில் இரண்டு பக்கமும் பஞ்சோடு உட்கார்ந்திருப்பான். என்னைப் பார்ப்பான், குனிந்து நகம் வெட்டுவான். வெட்டுவதற்கு நகமே இருக்காது. அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் மூச்சு பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது.

ஐப்பசி ஐந்தாம் தேதி சுடலைவடிவு வளைகாப்புப் புடவையைக் கட்டிக்கொண்டு, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனாள். கொம்பையாவும் நானும் பின்னால் போனோம். சவரிராயனிடம் அவள் மூச்சு கேட்கவில்லை.

"அண்ணே, என்னையும் பிள்ளயையும் சேத்து ஒண்ணு எடுத்துருங்க. நாளைக்கு அது கேக்கும்லா, எங்கம்மா எப்படி இருப்பான்னு."

காதில் பஞ்சு இருந்தாலும் அவள் வந்து நின்ற நிற்பு அவனுக்குப் புரிந்தது. நாற்காலியைப் போட்டான், கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. நான் அப்புறம் யோசித்துப் பார்த்தேன், அந்தக் கண்ணாடியில் என்ன தெரிந்திருக்கும் என்று. தாயும் பிள்ளையும் தலைகீழாக இருந்திருப்பார்கள், பிள்ளையின் தலைமுடி எப்போதும் போல ஒரு பக்கமாகப் பறந்துகொண்டிருந்திருக்கும், அப்புறம் அது மெதுவாக, ஒவ்வொரு இழையாக, அடங்கிப் படிந்திருக்கும்.

துணியை உதறிவிட்டு வெளியே வந்தான். இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கிக் கீழே போட்டான். என்னைப் பார்த்து, முப்பத்தொரு வருஷம் ஈயப் பலகையைப் பார்த்துத் தலையாட்டுவானே, அதே மாதிரி தலையாட்டினான்.

"விடலாம்" என்றேன்.

"இழுங்கபிடிங்க!" என்றான் சவரிராயன்.

அவள் இழுத்தாள். பிடித்துவிட்டாள்.

"அட பாவி, ஒனக்கு 'இழுங்க' மட்டும் சொல்ல வராதால?" என்று நான் கத்தினேன்.

"வாய்க்குள்ள அது ஒண்ணாத்தான சார் கிடக்கு" என்று அவன் அழுதான்.

மறுநாள் இன்னொரு தடவை பார்த்தோம். நான் விடச் சொன்னேன், சவரிராயன் "இழுங்க" என்றதும் கொம்பையா பாய்ந்து அவன் வாயைப் பொத்திவிட்டான். சுடலைவடிவு இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள். திரைச்சீலை அவள் பக்கம் சாய்ந்தது, காலண்டர் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது, பிள்ளை நகர்ந்து நகர்ந்து அவள் முகத்தோடு ஒட்டிக்கொண்டது. கொம்பையா பயந்துபோய்க் கையை எடுத்தான். "பிடிங்க" என்றான் சவரிராயன். பிடித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இழுக்கச் சொல்ல ஒரு சொல் இருந்தது, பிடிக்கச் சொல்ல ஒன்று, விடச் சொல்ல ஒன்று. சும்மா மூச்சு வாங்கி விடுவதற்கு எங்கள் ஆஸ்பத்திரியில் சொல்லே கிடையாது. படம் எடுத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு அவனவன் தானாக மூச்சு விட்டுக்கொண்டு போனான், அதை யார் கவனித்தோம்.

ஒரு நாள் பிடி, ஒரு நாள் விடு என்று வைத்துக்கொண்டோம். ஒரு நாள் ஊமை, மறுநாள் பேச்சு. ஊர் அதற்கும் பழகியது. பேச்சு நாளில் கறிவேப்பிலைக்காரி பேரத்துக்குப் பயந்து அவள் வீட்டில் நிற்காமல் போய்விடுவாள், ஊமை நாளில் போய் நிற்பாள். காத்தாயி பேசக் கற்றதும் அப்படித்தான், ஒரு நாள் விட்டு ஒரு நாள். சவரிராயன் பிடித்திருந்தது பதினெட்டு மாசமும் நாலு நாளும், விடுவதற்கு இருந்ததும் அவ்வளவே. அதற்குள் எத்தனையோ பேச முயன்றான், ஆனால் வாயைத் திறந்தால் பாதிக்கு மேல் மன்னிப்புத்தான் வந்தது. கடைசி நாள் காலையில் அவனாகவே அவள் வீட்டுக்கு வந்து, சுடலைவடிவு முன்னால் நின்று, கடைசியாக ஒரு தடவை, "இழுங்கபிடிங்க" என்றான். சாயந்திரம் அவன் போய்விட்டான்.

அன்று பிடித்தவள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஏழு வருஷம் ஆகிறது. இனி ஊரில் இழுங்க இல்லை, பிடிங்க இல்லை. விடலாம் ஒன்றுதான் மிச்சம், அது என் வாயில் இருக்கிறது. மில்லில் மூச்சைப் பிடித்து நிற்கிறவர்களில் பாதிப் பேர் அதைச் சொல்லச் சொல்லித் தேடுகிறார்கள், பாதிப் பேர் சொல்லிவிடக் கூடாதென்று தேடுகிறார்கள், அதனால் நான் ஊரை விட்டு வந்துவிட்டேன். நான் இருக்கிற இடம் கொம்பையாவுக்கு மட்டும் தெரியும். பரீட்சை லீவில் தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு வருவான். சுடலைவடிவு வந்து என் எதிரில் உட்கார்ந்து சிரிப்பாள். காதில் பஞ்சு வைக்கவே மாட்டாள். எனக்குத்தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நெருப்பில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இந்தத் தடவை காத்தாயி ஒரு கணக்கு நோட்டோடு வந்தாள். ஒன்பது வயசு முடிந்திருக்கிறது.

"எக்ஸ்ரே தாத்தா, ஒரு கணக்கு. அம்மா ஏழு வருசம் பிடிச்சிருக்கு. இப்ப விட்டா ஏழு வருசம் பேசும். அப்ப எனக்குப் பதினாறு."

"ஆமா தாயி."

"இன்னும் பத்து வருசம் நான் பொறுத்துக்கிட்டா பதினேழு வருசம் பேசும்."

"பேசும்."

"உங்களுக்கு இப்ப என்ன வயசு?"

"எழுபத்திரண்டு."

அதை எழுதிக்கொண்டாள். பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், பொத்தானை அமுக்குமுன் நான் ஆட்களைப் பார்ப்பேனே, அந்த மாதிரி.

"நீங்க இன்னும் எத்தன வருசம் இருப்பீங்க தாத்தா? அத மட்டும் சொல்லிட்டா கணக்கு முடிஞ்சிரும்."

வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லியே வயசான எனக்கு, அந்தப் பிள்ளையிடம் சொல்ல ஒரு எண் அகப்படவில்லை. அந்த இடத்தில் கோடு போட்டு, காலியாக விட்டு, நோட்டை மூடிக்கொண்டாள். சுடலைவடிவு எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான் கொம்பையா.

நீங்கள் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். எங்கே கேட்டது என்றால் பஸ்ஸில் என்று சொல்லுங்கள், சந்தையில் என்று சொல்லுங்கள். கண்ணாடி போட்ட ஒரு கிழவன் எழுதித் தந்தான் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.